வத்சலா டீச்சர் எடுத்துக் குடுக்காத ரம்பம்

ஆகஸ்ட் 3, சனி

நோம்பி நாளும் அதுவுமா இவரு கெளம்பிப் போயிட்டாரு. ஆடிப் பதினெட்டுன்னு தேங்காச் சோறு, எலுமிச்சஞ் சோறு, தயிர்ச் சோறுன்னு வகை வகையாக் கிண்டி வெச்சிருக்கேன், "டப்பால போட்டுக் குடு கோகிலா, அங்க போயி சாப்பிட்டுக்கறேன்"ங்கறாரு. சனிக்கெழமையானா மர வேலை வகுப்பாம். கூட்டுறவு சங்கத்துல முப்பத்தியஞ்சு வருசம் நாற்காலி தேய உக்காந்திருந்த மனுசன். மே மாசம் ரிடையர் ஆனாரு. இப்ப நாற்காலி செய்யோணும்னு ஆசை வந்திருச்சு. வரட்டும், நான் வேண்டாங்கல.

ஆனா சொல்லிக் குடுக்கறது ஒரு பொம்பளைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பேரு வத்சலா. வடவள்ளியில வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டு போட்டு நடத்தறா. முன்ன இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுத்தவளாம். வந்ததுல இருந்து சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள "வத்சலா டீச்சர்"னு பதினாலு தடவை சொன்னாரு. எண்ணுனேன். என் பேரை ரெண்டு தடவை சொன்னாரு, ரெண்டும் தண்ணி கேக்கறதுக்கு.

போன்ல போட்டோ காட்டுனாரு. குட்டையா வெட்டுன முடி, ஜீன்ஸ் பேண்ட்டு, காதுல பென்சில். அம்பது வயசாம். என்னைய விட நாலு வயசு கம்மி.

"ரம்பம் புடிக்கறதுக்கே ஒரு முறை இருக்குது தெரியுமா? மூணு விரல் உள்ள போகோணும், ஆள்காட்டி விரல் மட்டும் வெளிய நீட்டி, வழி காட்டற மாதிரி."

"யாரு புடிச்சுக் காட்டுனது?"

"டீச்சர்தான்."

"உங்க கையைப் புடிச்சா?"

"எல்லார்த்து கையையுந்தான் அம்மிணி. ஏழு பேரு இருக்கறோம்."

ஏழு பேரு கையையும் புடிச்சாளாம். நல்ல ஆறுதல்.

இந்த டைரி இவரு ஆபீஸ்ல இருந்து கொண்டாந்தது. முன் ரூம்ல மிஷின் போட்டு இருவத்தாறு வருசமா நான் ஊருக்கெல்லாம் பிளவுஸ் தெச்சுக் குடுக்கறேன், அதுக்கு அளவு எழுதத்தான் வெச்சிருந்தேன். பின்னாடி பக்கமெல்லாம் சும்மா கெடக்குது. யாருகிட்டயாவது சொல்லோணுமல்ல.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பீன்ஸ் பொரியல் தீஞ்சு போச்சு. நாந்தான் தீய விட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

நாலு சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சேன். இவருக்குத் தக்காளிச் சோறு குடுத்து விட்டேன். டப்பா சுத்தமாக் கழுவித் திரும்பி வந்துது. கல்யாணம் ஆகி முப்பத்தியொரு வருசம், இவரு ஒரு டப்பா கழுவிக் கொண்டாந்தது கெடையாது.

"டீச்சர் பாதி சாப்பிட்டாங்க. அருமையா இருக்குதுன்னாங்க. அவங்களே கழுவிக் குடுத்தாங்க."

நான் ஆக்குன சோத்துல அவளுக்கு என்ன பங்கு? அடுத்த வாரம் பச்சை மொளகா நாலு எச்சாக் கிள்ளிப் போடறேன், இருக்கட்டும்.

அருமையா இருக்குதுன்னாளாம். இந்த மனுசன் ஒரு நாள் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாரா?

ஆகஸ்ட் 17, சனி

இன்னைக்கு வயிறு நெசமாலுமே எரிஞ்சுது. மோர் குடிச்சும் அடங்கல.

இவரு வெட்டுன பலகையைக் கொண்டாந்து காட்டுனாரு. ஸ்டூலுக்குக் காலாம். கோடு ஒரு பக்கம் போகுது, வெட்டு ஒரு பக்கம் போகுது. நானா இருந்தா அந்தக் காலை அடுப்புல வெச்சிருப்பேன். "ரம்பம் இரவல் ரம்பம், அதான்"ங்கறாரு. அதுக்கு அந்த டீச்சர் சொல்லியிருக்கா: "சொந்தமா நல்ல ரம்பம் ஒன்னு வெச்சுக்குங்க சார். செப்டம்பர் கடைசியில பெங்களூர் போறேன், அங்க பழைய ஆயுதம் விக்கற எடம் ஒன்னு தெரியும். உங்களுக்கு ஒன்னு பாத்துட்டு வர்றேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சுட்டு, விஜயதசமிக்கு அதுலயே முதல் வெட்டு வெட்டலாம்."

இவருக்கு ஒன்னு பாத்துட்டு வர்றாளாம்!

இவருக்குச் செருப்பு எடுத்தது யாரு? கண்ணாடிக்கு ஃபிரேம் எடுத்தது யாரு? பனியன், பல்லு வெளக்கற பிரஷ்ஷு, சங்கத்துக்குப் போட்டுட்டுப் போன அத்தனை சட்டை? இவரு கை முறம் மாதிரி இருக்கும். கடையில எடுத்த முழுக்கை சட்டைக்குப் பட்டனைப் பிரிச்சு அரை இஞ்ச் தள்ளி வெச்சுத் தெச்சாத்தான் மணிக்கட்டுல பூட்டவே முடியும். அதையெல்லாம் முப்பத்தியொரு வருசமா நாந்தான் பாக்கறேன். இப்ப நேத்து வந்தவ எடுத்துக் குடுத்த பொருளை எங்கூட்டு பூஜையில வெச்சு, அதுக்கு நானே சந்தனம் வெக்கோணுமா?

நடக்காது. ஆயுத பூஜைக்கு முன்னாடி இந்த ஊட்டுக்கு ரம்பம் வரும். அதை வாங்கறவ நானாத்தான் இருப்பேன். எழுதி வெச்சுட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

நூல்கண்டு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு காந்திபுரத்துல ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். நல்ல ரம்பமா ஒன்னு குடுங்கன்னேன். மஞ்சள் பிளாஸ்டிக் புடி, பளபளன்னு தகடு, பல்லு நுனியெல்லாம் கருநீலமா இருந்துது. "இது மாதிரி அறுக்கற ரம்பம் ஒலகத்துலயே இல்லைக்கா"ன்னாரு கடைக்காரரு. வாங்கியாந்து பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில வெச்சுட்டேன். வேலை முடிஞ்சுது. இவ்வளவுதானே, இதுக்கு ஒருத்தி பெங்களூர் போகோணுமா?

ஆகஸ்ட் 24, சனி

வேலை முடியல. நாசமாப் போச்சு.

சாயங்காலம் காப்பி குடிக்கையில இவரே ஆரம்பிச்சாரு. "கடையில பல்லு நுனி கருப்பா ஒரு ரம்பம் விக்கறான் பாரு, அது சூடு வெச்சுப் பல்லைக் கெட்டியாக்குனது. முதல்ல நல்லா வெட்டும். மழுங்கிருச்சுன்னா அரம் போட்டுத் தீட்டவே முடியாது, தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான். நல்ல ரம்பம்னா அரம் எறங்கோணும், ஆயுசு பூரா தீட்டித் தீட்டி வெச்சுக்கோணும். டீச்சர் சொன்னாங்க."

டீச்சர் சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்க. பல்லைக் கடிச்சுட்டு, "அப்ப நல்ல ரம்பம்னு எப்படித்தான் கண்டுபுடிக்கறது?"ன்னு கேட்டேன். மனுசனுக்கு மூஞ்சி அப்படியே மலந்திருச்சு. ரிடையர் ஆனதுல இருந்து இவரு சொல்றதை யாரும் உக்காந்து கேட்டதில்ல பாவம். காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்னாடி படம் போட்டு ஒரு மணி நேரம் சொன்னாரு. ரம்பத்தைப் பத்தியே ரம்பம் போட்ட ஆளு இவராத்தான் இருக்கும்.

கேட்டதை இங்க எழுதி வெக்கறேன். மரத்துக்கு ரேகை ஓடும். அந்தப் போக்குலயே அறுக்கறதுக்கு உளி மாதிரி பல்லு வேணும், குறுக்க அறுக்கறதுக்குக் கத்தி மாதிரி பல்லு வேணும். துணியில நேர் நூல், குறுக்கு நூல் இருக்கற மாதிரிதான். இதைப் புரிஞ்சுக்க இவருக்கு ரெண்டு வாரம் ஆச்சாம்! அப்பறம் பல்லு ஒன்னு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம்னு லேசா சாஞ்சிருக்கோணும், இல்லைன்னா ரம்பம் மரத்துக்குள்ள மாட்டிக்கும். தகட்டை வளைச்சு விட்டா நேரா நிக்கோணும். சுண்டுனா மணி மாதிரி சத்தம் வரோணும்.

அந்தக் காலண்டர் தாளை இவரு மறந்து வெச்சுட்டுப் போனாரு. எடுத்துக் கத்திரிக்கோல் டப்பாவுல போட்டுக்கிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

இவரு பென்சன் விசயமா சங்கத்துக்குப் போயிட்டாரு. அந்த மஞ்சள் புடி ரம்பம் வீணாத்தானே கெடக்குது, அதை வெச்சு அறுத்துப் பாத்தாத்தான் நல்லது எது கெட்டது எதுன்னு நமக்குத் தெரியும்னு பின்னாடி துவைக்கற கல்லுக்கிட்ட பழைய கட்டில் சட்டத்தைப் போட்டு அறுத்தேன். சும்மா சோதிச்சுப் பாக்கத்தான்.

முதல் வெட்டு கோணலாப் போச்சு. ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவதுல புரிஞ்சுது, அழுத்தக் கூடாது. துணி வெட்டறப்ப கத்திரியை யாரு அழுத்தறாங்க? கோடு மேலயே போனா அளவு கொறைஞ்சு போகும், கோட்டுக்கு வெளிப்பக்கமா ஒட்டிட்டுப் போகோணும், பாதிக் கோடு துணியில நிக்கோணும். மரமும் அதேதான். பன்னெண்டு துண்டு அறுத்தேன்.

மரத்தூள் வாசம் முந்தானையில அடிக்குது. இவரு வரதுக்குள்ள தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

கட்டில் சட்டம் ஒன்னு தீந்து போச்சு. இன்னொன்னு இருக்குது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. வகுப்பு லீவுங்கறதால நிம்மதியா இருந்தேன். பத்து மணிக்கு இவரு வந்து, "டீச்சர் தனியாத்தான் இருக்காங்க, மத்தியானம் சாப்பிட வரச் சொல்லிட்டேன்"ங்கறாரு. தனியா இருக்காங்களாம். அதையும் விசாரிச்சு வெச்சிருக்காரு.

வந்தா. காட்டன் குர்த்தா, காதுல பென்சில் இல்ல. வாசல்லயே கும்புட்டா. "தக்காளிச் சோறு பாதி நான்தான் சாப்பிடறேன். திட்டிட்டு இருப்பீங்கன்னு தெரியும்"னு சிரிக்கறா. நெசந்தான், திட்டிட்டுத்தான் இருந்தேன். கொழுக்கட்டையை எடுத்து நீட்டுனேன்.

சாப்பிட்டு முடிச்சு, ஒரு பிளவுஸ் தெச்சுத் தர முடியுமான்னு கேட்டா. கைத்தறிச் சேலை ஒன்னு அஞ்சு வருசமா பிளவுஸ் இல்லாம கெடக்குதாம். நாடாவை எடுத்து அளவு பாத்தேன். தோள் பதினாலரை. வலது கை மேல்சுத்து, இடது கையை விட முக்கா இஞ்ச் எச்சு. ரம்பம் புடிச்ச கை. உள்ளங்கையில காப்புக் காச்சிருந்துது. கட்டை விரல் அடியில எனக்கும் அதே எடத்துல காச்சிருக்கும், கத்திரி புடிச்சு. அதை அவ பாத்துட்டா.

"இந்தக் கத்திரியை யார் சாணை பிடிக்கறாங்க?"

"வெளிய எங்க குடுக்கறது? நானேதான் தீட்டிக்குவேன்."

ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பாத்தா. சத்தமே வரல. "இவ்வளவு கூர்மையா நான் பாத்ததில்லைங்க. நீங்க ஒரு நாள் வகுப்புக்கு வாங்களேன்."

நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள இவரு சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. "இவளா? செவுத்துல ஒரு ஆணி அடிக்கோணும்னாலும் என்னையத்தான் கூப்புடுவா. இவகிட்ட ரம்பத்தைக் குடுத்தா பூசணிக்காய் அறுத்துட்டு இருப்பா."

நானும் சிரிச்சேன். சிரிக்கலைன்னா மனசுல பட்டது தெரிஞ்சு போயிருமே. அவ சிரிக்கல. அதுதான் எனக்கு இன்னும் எச்சா எரிஞ்சுது. இவரு சொன்னதுக்கு அவ எதுக்கு எனக்காக வருத்தப்படோணும்?

சாயங்காலம் இவருக்குக் காப்பியில சக்கரை போடல.

செப்டம்பர் 12, வியாழன்

அவ பிளவுஸ் தெச்சேன். கைச்சுத்தை ஒரு கால் இஞ்ச் இறுக்கி விட்டுரலாம்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் ரம்பம் புடிச்சா கையைத் தூக்க முடியாம தவிக்கட்டும். மிஷின்ல வெச்சும் பாத்துட்டேன். கை கேக்க மாட்டீங்குது. பிரிச்சு, முக்கா இஞ்ச் சேத்து, வலது கை தனி, இடது கை தனின்னு வெட்டித் தெச்சேன். எந்த டெய்லரும் அப்படித் தெச்சுக் குடுத்திருக்க மாட்டா. போட்டுப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும், பாக்கலாம்.

செப்டம்பர் 14, சனி

"கோகிலாமணி மாதிரி ஒரு கைக்காரியைப் பாத்ததில்லை"ன்னாளாம். இவரு அதை என்கிட்டச் சொல்லறதுக்கு மூணு மணி நேரம் ஆச்சு. நடுவுல மழை, பஸ்ஸு, சுண்டல் வெலையெல்லாம் சொல்லியாச்சு.

செப்டம்பர் 21, சனி

புதன்கெழமை பெங்களூர் கெளம்பறா. இவரு நாளை எண்ணிட்டு உக்காந்திருக்காரு. எனக்கு இருக்கறது மூணே நாளு.

செப்டம்பர் 24, செவ்வாய்

வாங்கிட்டேன்! முதல்ல இருந்து சொல்லறேன்.

என் மிஷினை ரிப்பேர் பாக்கறவரு உக்கடத்துல ஒரு கடை இருக்குதுன்னாரு. பழைய ஆயுதம் வாங்கி, துரு எடுத்து, தீட்டி விப்பாரு, பேரு ரபீக் பாய். அறுவது வயசு இருக்கும். "என்னம்மா வேணும், அரிவாள்மனையா?"ன்னாரு. "ரம்பம். குறுக்க அறுக்கறது. பல்லு கருப்பா இருக்கக் கூடாது, அரம் எறங்கோணும்"னேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டு என்னைய ஒருக்கா நல்லாப் பாத்தாரு.

அஞ்சு ரம்பம் எடுத்து முன்னாடி போட்டாரு. ஊசிக்கு நூல் கோக்கற மாதிரி ஒரு கண்ணை மூடிட்டு பல்லு வரிசையைப் பாத்தேன். ரெண்டு வளைஞ்சிருந்துது, தள்ளி வெச்சேன். மீதி மூணையும் நுனியைப் புடிச்சு வளைச்சு விட்டேன். ஒன்னு வளைஞ்ச எடத்துலயே கொஞ்சம் நின்னுக்கிச்சு. அதையும் தள்ளுனேன். ரெண்டு பாக்கி. நகத்தால சுண்டுனா ரெண்டும் டங்குன்னு நீளமா பேசுது. ரெண்டுலயும் தகடு, இவரு சொன்ன மாதிரியே, பல்லுப் பக்கம் கனமா, முதுகுப் பக்கம் மெலிசா இருந்துது. துணியைத் தடவிப் பாத்தே கனம் சொல்லற விரலுக்கு அது தெரியாமப் போகுமா?

அப்பறம் முந்தானையில குத்தி வெச்சிருந்த ஊசியை எடுத்தேன். காலண்டர் தாள்ல இவரு கடைசியா எழுதியிருந்தது அது: பல்லு ரெண்டு பக்கமும் ஒரே அளவா சாஞ்சிருந்தா நடுவுல ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளம் ஓடும். புடிப் பக்கம் ஊசியைப் படுக்க வெச்சு ரம்பத்தைச் சாச்சா, அது கீழ விழாம கடைசி வரைக்கும் வழுக்கிட்டுப் போகோணும். வெச்சுச் சாச்சேன். ரெண்டுலயும் சர்ர்ருனு போச்சு. ரபீக் பாய் டீ டம்ளரைக் கீழ வெச்சுட்டாரு. "யாரும்மா நீங்க?"ன்னாரு.

கடைசியில புடி. ரெண்டும் மரப் புடி, பித்தளைத் திருகாணி. முதல் ரம்பத்துல கையை விட்டேன், லொடலொடன்னு ஆடுச்சு. ரெண்டாவதுல விட்டேன். அளவெடுத்துத் தெச்ச பிளவுஸ் மாதிரி அப்படியே உக்காந்துது. மூணு விரல் உள்ள, ஆள்காட்டி விரல் வெளிய. வெக்கத்தை விட்டுச் சொல்லறேன், கையை வெளிய எடுக்கவே மனசு வரல.

"இதுதான்"னேன்.

"யாருக்கும்மா?"

"எங்கூட்டுக்காரருக்கு."

பாய் என் கையைப் பாத்தாரு, ரம்பத்தைப் பாத்தாரு. "சாரை ஒருக்கா கூட்டிட்டு வாங்களேன்"னாரு.

"அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"ன்னு வெடுக்குனு சொல்லிட்டேன். பாய் பழைய வேட்டித் துணியில சுத்திக் குடுத்தாரு.

பிளவுஸ் தெச்ச காசு. இவரு காசு ஒத்தப் பைசா இல்ல.

செப்டம்பர் 28, சனி

தோத்துட்டா! வெறுங்கையோட வந்திருக்கா!

இவரு மூஞ்சி தொங்கிப் போய் வந்து உக்காந்தாரு. "அருமையான ரம்பமெல்லாம் இருந்துதாம். ஆனா எனக்கு வாங்கலையாம். புடிக்கறவங்க கையை நேர்ல வெச்சுப் பாக்காம ரம்பம் வாங்கறது தப்பு, ஒருத்தர் கைக்கு இன்னொருத்தர் வாங்கக் கூடாதுன்னு அங்க போயித்தான் உறைச்சுதாம்."

சாக்குப்போக்கு! வாங்கத் தெரியல, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம அடுக்களைக்குள்ள போயி மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டேன். இவருக்கு நாலு வடை சுட்டுக் குடுத்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

தீவாளி பிளவுஸ் முப்பத்தெட்டு பாக்கி இருக்குது. அதையும் வெச்சுட்டு நான் பின்னாடி உக்காந்து மரம் அறுத்துட்டு இருக்கேன். பூஜையில வெக்கறதுக்கு முன்னாடி நல்லாச் சோதிச்சுப் பாக்கோணுமல்ல. நேத்தும் சோதிச்சேன். முந்தாநேத்தும் சோதிச்சேன்.

இந்த ரம்பம் மஞ்சள் புடி மாதிரி கத்தறதில்ல. உஸ் உஸ்ஸுன்னு போகுது. அறுத்த முனையைத் தடவுனா இஸ்திரி போட்ட மாதிரி இருக்குது. அறுத்த துண்டையெல்லாம் வெட்டுத் துணி போடற சாக்குல போட்டு, துணியை மேல பரப்பி வெச்சிருக்கேன். சாக்கைத் தூக்க முடியல.

பொழுதோட தகட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவி எடுத்து வெச்சேன். அடுத்த வாரம் இதை இவரு கையில குடுத்துரோணும். ஏனோ இன்னைக்குச் சோறு எறங்கல.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பலகை போட்டு கத்திரி, நாடா, அரிவாள்மனை, இவரு சுத்தியல் எல்லாம் வெச்சேன். மிஷினுக்கு மாலை போட்டேன். அப்பறம் பீரோவைத் தெறந்து வேட்டித் துணியைப் பிரிச்சு நடுவுல வெச்சேன். தகட்டுல ஈரச் சந்தனம் பட்டா விடியறதுக்குள்ள துருப் புடிச்சிரும்னு புடியில மட்டும் பொட்டு வெச்சேன்.

இவரு கண்ணாடியைத் தொடைச்சு மாட்டிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. "இது எங்க இருந்து?"

"நான் பாத்து வாங்குனேன்."

"நீயா?"

"ஏன், நான் பூசணிக்காய்தான் அறுக்கோணுமா?"

எடுத்துப் பாக்கக் கையை நீட்டுனாரு. பூஜையில வெச்ச ஆயுதத்தை இன்னைக்குத் தொடக் கூடாதுன்னு கையைத் தட்டி விட்டேன். சின்னப் பையனாட்டம் பலகையையே சுத்திச் சுத்தி வந்தாரு. "கோகிலா, அருமையா இருக்குது"ன்னாரு. அந்த வார்த்தை! அவளுக்குச் சொல்லாம எனக்குச் சொன்னாரு.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி.

காலையில தேங்காய் ஒடைச்சு, ரம்பத்தை எடுத்து இவரு கையில குடுத்தேன். கை உள்ள போகல.

மூணு விரலை வெச்சுத் திணிச்சுப் பாத்தாரு. ரெண்டு விரல் போச்சு, மூணாவது புடிச்சுக்கிச்சு. மோதிரத்தைக் கழட்டிப் பாத்தாரு. "பரவால்ல, பழகப் பழகச் சரியாப் போயிரும்"ங்கறாரு. மரம் என்ன துணியா, பழகப் பழகக் குடுக்கறதுக்கு? இவரு மணிக்கட்டுக்கு அரை இஞ்ச் தள்ளிப் பட்டன் வெச்சுத் தெக்கறவ நானு. இவரு கையளவு எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். கடையில நின்ன ஒரு மணி நேரத்துல அந்தக் கை எனக்கு நெனப்புலயே வரலையே!

உக்காந்து அழுதுட்டேன். இவரு பதறிட்டாரு. "டீச்சர்கிட்டக் காட்டலாம், புடியைச் செதுக்கிக் குடுப்பாங்க, வா"ன்னு ஸ்கூட்டர்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அவகிட்டப் போயி நிக்கறதுக்கு எனக்கு உசுரே போச்சு. புடியைச் செதுக்கறதுங்கறாரே, அது வேற ஒரு பக்கம் நெஞ்சை அறுத்துது.

ஷெட்டுல மத்த ஆறு பேரும் இருந்தாங்க. வத்சலா ரம்பத்தை வாங்கி ஒரு கண்ணை மூடிப் பாத்தா, வளைச்சா, சுண்டுனா. "இந்த ஷெட்டுலயே இதுதான் நல்ல ரம்பம். என்னோடதை விட நல்லது. யார் எடுத்தது?"

"நாந்தான்"னேன். "ஆனா இவரு கைக்குப் பத்தல. புடியைக் கொஞ்சம்..."

"உங்க கையைக் குடுங்க."

ரம்பத்தை என் கையில வெச்சா. உக்காந்துக்கிச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

"இதைச் செதுக்கறதாவது!"ன்னு சொல்லிட்டு, ஒரு தேக்குச் சட்டத்தை மேசையில மாட்டி, காதுல இருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டுக் குடுத்தா. நான் இவரைப் பாக்கல. பாத்தா கோடு தப்பிரும்னு தெரியும். அழுத்தாம, பாதிக் கோட்டை நிக்க விட்டு அறுத்தேன். துண்டு கீழ விழுந்துது. வத்சலா அதை எடுத்து மூலைமட்டம் வெச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. இடுக்குல வெளிச்சம் தெரியல.

"இதுக்கு முன்னாடி எத்தனை வெட்டு வெட்டியிருக்கீங்க?"

"சும்மா... சோதிச்சுப் பாத்தேன்."

"எத்தனை?"

"ஒரு சாக்கு."

ஆறு பேரும் சிரிச்சுட்டாங்க. இந்தத் தடவை வத்சலாவும் சிரிச்சா, நானும் நெசமாலுமே சிரிச்சேன். இவரு சிரிக்கல.

இங்க பொய் எழுதி என்ன ஆகப் போகுது? இந்த ரெண்டு மாசமும் அவ மேல பொறாமைன்னு எழுதிட்டு இருந்தேன். எனக்குப் பொறாமை இவரு மேல. சனிக்கெழமையானா டப்பாவைத் தூக்கிட்டு ஒரு எடத்துக்குப் போயி, தப்புத் தப்பாச் செஞ்சு, மரத்தூளோட சிரிச்சுட்டு வர்றாரே, அது மேல. எனக்கு என்ன கத்துக்க ஆசைன்னு இந்த ஊட்டுல ஒருத்தரும் கேட்டதில்ல. அந்த வத்சலாதான் கேட்டா. அதுக்குத்தான் அவ பிளவுஸை இறுக்கப் பாத்தேன்.

விஜயதசமி நல்ல நாளுன்னு அங்கயே பேரு குடுத்துட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

இவரை உக்கடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ரபீக் பாய் என்னையப் பாத்ததும், அன்னைக்கு என் கையில லொடலொடன்னு ஆடுன ரம்பத்தை உள்ள இருந்து எடுத்துட்டு வந்தாரு. இவரு கைக்கு அப்படியே பொருந்துச்சு. "மூணு வாரமா எடுத்து வெச்சிருக்கேன்மா"ன்னாரு.

அக்டோபர் 19, சனி

என் முதல் வகுப்பு. தக்காளிச் சோறு பெரிய டப்பாவுல எடுத்துட்டுப் போனேன், எட்டுப் பேருக்கும் டீச்சருக்கும்.

ரெண்டு சட்டத்தை ஒன்னுக்குள்ள ஒன்னு பூட்டறதுக்கு வெட்டச் சொன்னாங்க. என்னோடது ஒரே தட்டுல உக்காந்துக்கிச்சு. வத்சலா அதைத் தூக்கிக் காட்டி, "இப்படித்தான் இருக்கணும், எல்லாரும் பாருங்க"ன்னாங்க. இவரு புது ரம்பம், நல்ல ரம்பம், கைக்குப் பொருந்துன ரம்பம், ஆனா கோடு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம். "சார், மேடத்துக்கிட்டக் கேட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டு வத்சலா அடுத்த மேசைக்குப் போயிட்டாங்க.

வர்ற வழியெல்லாம் இவரு குழி மேடு பாக்காம ஸ்கூட்டரை ஓட்டுனாரு. லாலி ரோடு சிக்னல்ல நின்னப்ப நானாத்தான் கேட்டேன்.

"ஏனுங்க, வயித்தெரிச்சலா இருக்குதுங்களா?"

பச்சை விழற வரைக்கும் சிக்னலையே பாத்துட்டு இருந்தாரு. வண்டியைக் கெளப்பறப்ப, திரும்பாமயே, "ஆமா"ன்னாரு.

முப்பத்தியொரு வருசத்துல என்னையப் பாத்து இவரு பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை. ஊட்டுக்கு வந்ததும் இவருக்குப் புடிச்ச இனிப்புப் பணியாரம் சுட்டேன். நாலு எச்சாவே வெச்சேன்.